ஹெலிகாப்டர் இறங்கப்போகிறது: தரையில் நிற்பவர்கள் கவனத்துக்கு

சில மாதங்களுக்கு முன் பாலக்கோடு பக்கம் ஒரு பள்ளி மைதானம். மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்ட ஒருவரை பெங்களூருக்குக் கொண்டுபோக ஹெலிகாப்டர் வந்து இறங்கியிருந்தது. அவசர சிகிச்சை மருத்துவராக நான் ஸ்ட்ரெச்சரின் தலைமாட்டில் நின்றேன். இன்ஜின் சத்தம் குறைந்ததுமே கூட வந்தவர்கள் ஸ்ட்ரெச்சரைத் தள்ளத் தொடங்கிவிட்டார்கள். நோயாளியின் மகன் டிரிப் பாட்டிலைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார். வார்டில் நாம் எல்லோரும் பிடிப்பது போலத்தான். "தம்பி, கையை இறக்குங்க!" என்று கத்தி, பாட்டிலை வாங்கி நோயாளியின் வயிற்றின் மேல் வைத்தேன்.

மேல் விசிறி முழு வேகத்தில் சுற்றும்போது இறக்கைகள் விறைப்பாக நிற்கும். வேகம் குறையும்போதுதான் அவை தாழ்ந்து தொங்கும். காற்று ஒரு தள்ளு தள்ளினால் இன்னும் இறங்கும். அதாவது, 'நிற்கப்போகிறது' என்று நாம் நிம்மதி அடைகிற அந்த ஒரு நிமிடம் ஆபத்தானது. விமானி கையசைத்துக் கூப்பிடும் வரை யாரும் நகரக் கூடாது. கூப்பிட்டதும் அவர் கண்ணில் படும்படி முன்பக்கமாகப் போக வேண்டும். பின்பக்கம் போகவே கூடாது. வால் விசிறி சுற்றும் வேகத்தில் அங்கே ஒன்று இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. தரை சரிவாக இருந்தால் பள்ளப் பக்கத்திலிருந்துதான் நெருங்க வேண்டும். மேட்டுப் பக்கம் இறக்கைக்கும் தரைக்கும் இடைவெளி குறைவு.

சரி, இடம் எப்படிப் பார்ப்பது? குறைந்தது 100 அடிக்கு 100 அடி வேண்டும். காலால் அளந்தால் ஒரு பக்கத்துக்குச் சுமார் 40 எட்டு. சரிவு 5 டிகிரிக்குள் இருக்கட்டும். அதாவது 100 அடி தூரத்தில் 8, 9 அடிக்கு மேல் ஏறக் கூடாது. ஆனால் நான் மைதானத்துக்குள் நுழைந்ததும் முதலில் பார்ப்பது தரையை அல்ல, வானத்தை. மின்கம்பி, கேபிள், செல்போன் கோபுரத்தின் இழுகம்பி. உச்சி வெயிலில் கம்பி கண்ணுக்குச் சிக்காது. அதனால் கம்பியைத் தேடாமல் கம்பத்தைத் தேடுங்கள். இரண்டு கம்பம் தெரிந்தால் நடுவில் கம்பி உண்டு என்றே வைத்துக்கொண்டு விமானியிடம் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் புழுதி. நம் செம்மண் பூமியில் உழுத காட்டில் ஹெலிகாப்டரை இறக்கச் சொன்னால், கடைசி சில அடிகளில் விமானிக்குத் தரையே தெரியாமல் போகும். தீயணைப்பு வண்டி இருந்தால் முன்கூட்டியே தண்ணீர் தெளிக்கச் சொல்லுங்கள். தை, மாசியில் மைதான ஓரம் புளி காயவைத்த தார்ப்பாயைப் பார்த்திருப்பீர்கள். அதை மடித்து எடுத்துவிட வேண்டும்; மேலே கல் வைத்தால் போதாது. ஃப்ளெக்ஸ் பேனர், பிளாஸ்டிக் நாற்காலி, துண்டு, தொப்பி எதுவும் விசிறிக் காற்றில் பறக்கும். தலைவர்கள் வரும்போது போடுகிற மாதிரி 'எச்' போடுவதாக இருந்தால் சுண்ணாம்பைக் கரைத்துப் பூசுங்கள். காய்ந்த தூள் அப்படியே கண்ணுக்குள் வரும். காற்றின் திசை காட்ட, ஓரத்தில் ஒரு கம்பில் நீளத் துணியை இறுக்கிக் கட்டினால் போதும். காற்றை எதிர்த்துத்தான் ஹெலிகாப்டர் இறங்கும், ஏறும்.

கூட்டத்தை 200 அடிக்கு அப்பால் நிறுத்த காவல்துறை உதவி வேண்டும். செல்போனில் படம் பிடிக்க ஓடிவரும் பையன்களை நான்கு பேர் கைகோத்துத் தடுத்ததைப் பார்த்திருக்கிறேன். கயிறு கட்டியிருந்தால் அந்தப் பாடு இல்லை. பீடி, சிகரெட் பக்கத்தில் கூடாது. இரவானால் டார்ச்சையோ வண்டி விளக்கையோ மேலே அடிக்காதீர்கள், விமானிக்குக் கண் கூசிவிடும்.

இதையெல்லாம் நோயாளியை வைத்துக்கொண்டு யோசிக்க நேரமில்லை. அதனால் நானும் ஆம்புலன்ஸ் நண்பர்கள் சிலரும் ஓய்வு நாளில் பள்ளி, கல்லூரி மைதானங்களை நடந்து அளந்து, லொகேஷனைப் போனில் சேர்த்து வருகிறோம். கேட் சாவி யாரிடம் என்பதையும் குறித்துக்கொள்கிறோம். இதுவரை நான்கு இடம் தேறியிருக்கிறது. விபத்து அதிகம் நடக்கிற தொப்பூர் கணவாய்ப் பக்கம்தான், ஒன்று சரிவு, இல்லையென்றால் கம்பி. அங்கே நல்ல சமதளம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், வந்து அளந்துகொள்கிறோம்.