கோடு தெரியவில்லை என்பதற்காக ‘ஈயம் இல்லை’ என்று எழுதாதீர்கள்

மஞ்சள்தூள் மாதிரி ஒன்றை லிப்ஸ் கருவியில் (லேசரால் பொருளைச் சுட்டு, எழும் ஒளியைக் கொண்டு தனிமங்களை அறியும் கருவி) வைத்து, 405.78 நானோமீட்டர் அலைநீளத்தில் ஈயத்தின் நிறமாலைக் கோடு தென்படவில்லை என்பதால் ‘ஈயம்: இல்லை’ என்று முடித்திருந்த அறிக்கை ஒன்று அண்மையில் என் மேசைக்கு வந்தது. இத்தகைய அறிக்கைகளை இதற்கு முன்பும் பலமுறை திருப்பி அனுப்பியிருக்கிறேன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

லேசர் துடிப்பு மாதிரியைப் பிளாஸ்மாவாக, அதாவது மின்னூட்டமுள்ள சூடான வாயுவாக, மாற்றுவதும், அதன் ஒளியில் தனிமங்களின் கோடுகள் தெரிவதும் இதைப் படிப்பவர்கள் அறிந்தவையே. ஆனால், கோடு தெரியாததும் தனிமம் இல்லாததும் ஒன்றல்ல. ஒவ்வொரு கருவிக்கும், ஒவ்வொரு தனிமத்துக்கும், ஒவ்வொரு வகை மாதிரிக்கும் தனியான கண்டறியும் எல்லை உண்டு; அந்த எல்லைக்குக் கீழே இருப்பதைப் பற்றிக் கருவியால் எதுவும் சொல்ல இயலாது. கையடக்கக் கருவிகள் பலவற்றில் ஈயத்துக்கான எல்லை பல பத்து பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒரு பிபிஎம்) ஆக இருக்க, மஞ்சளில் ஈயத்துக்கு நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிகள் அனுமதிக்கும் உச்ச அளவோ 10 பிபிஎம் மட்டுமே. அதாவது, சட்டம் அனுமதிக்காத தூள்கூட இந்தக் கருவியின் பார்வையில் தூய்மையானதாகவே தெரியும். அதை நம்பி ஒரு வீட்டில் குழந்தைக்குச் சமைப்பார்கள்.

சந்திரயான்-3இன் பிரக்யான் ஊர்தி 2023 ஆகஸ்டில் நிலவின் தென்துருவப் பகுதியில் கந்தகம் இருப்பதை இதே முறையால் உறுதிசெய்ததே என்று பலர் கேட்கிறார்கள். பெருமைக்குரிய பணிதான், ஆனால் அங்கே எழுந்த கேள்வி ‘இருக்கிறதா’ என்பது, இங்கே எழுவது ‘எத்தனை பிபிஎம்’ என்பது.

அளவு சொல்ல வேண்டுமானால், அளவுத்திருத்தக் கோட்டை (அளவு தெரிந்த மாதிரிகளைக் கொண்டு வரையும் வரைபடக் கோடு) உங்கள் மாதிரியை ஒத்த பொருளிலேயே வரையுங்கள். எஃகில் வரைந்த கோட்டை மண்ணுக்கும், மண்ணில் வரைந்ததை மசாலாத்தூளுக்கும் பொருத்தாதீர்கள். ஈரமும் உப்பும் மாறினாலே பிளாஸ்மாவின் வெப்பநிலையும் நிறமாலைக் கோட்டின் ஒளிச்செறிவும் மாறிவிடும். மாங்கனீசு மிகுந்த மண்ணில் 405.78க்கு மிக அருகிலேயே மாங்கனீசின் கோடும் விழும் என்பதால், அங்கே காணும் உச்சத்தை உடனே ஈயம் என்று கொள்ளவும் கூடாது. நிறத்துக்காகக் கலக்கப்படும் ஈய குரோமேட் தூளில் சீராகப் பரவியிருக்காது. லேசர் தொடும் புள்ளியோ பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரின் சிறு பகுதிதான். ஆகவே தூளை நன்கு அரைத்து, வில்லையாக அழுத்தி, பல இடங்களில் சுட்டுச் சராசரி எடுங்கள். (இக்கருவிகள் பலவற்றின் லேசர் வெளியிடும் 1064 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாமலே விழித்திரையைச் சுட்டுவிடும், அந்த அலைநீளத்துக்குரிய கண்ணாடி அணியாமல் கருவியின் அருகில் நிற்கவே கூடாது.)

உங்கள் எல்லை 40 பிபிஎம் என்றால், ‘40 பிபிஎம்முக்குக் கீழ்’ என்று எழுதுங்கள். உணவுக்கும் குடிநீருக்கும் அது போதாது. அந்த மாதிரிகளைத் தயவுசெய்து ஐசிபி-எம்எஸ் (மிக நுண்ணிய அளவையும் அளக்கும் நிறை நிறமாலைமானி) வசதியுள்ள ஆய்வகத்துக்கு அனுப்பி, அதன் முடிவு வரும்வரை சான்றிதழில் கையெழுத்திடாதிருங்கள்.