நாள் முழுவதும் வண்டி ஓட்டுகிறவருக்கு நடைப்பயிற்சி எதற்கு?

இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தபின் மறுவாழ்வுப் பயிற்சிக்காக என்னிடம் அனுப்பப்படுகிறவர்களில் ஓட்டுநர்கள் அதிகம். சங்ககிரி லாரி, டவுன் பஸ், கல்லூரி வேன் என வண்டிதான் மாறுகிறது. சென்ற வாரம் வந்தவருக்கு நாற்பத்து நான்கு வயது. பேண்ட்டின் கொக்கி எட்டாமல், பெல்ட்டைத் தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டியிருந்தார். தினமும் எவ்வளவு நடப்பீர்கள் என்று கேட்டதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "விடியக்காலை ஸ்டியரிங் பிடிச்சா ராத்திரிதான் சார் விடுறேன். இதுக்கு மேல என்ன எக்சர்சைஸ்?" என்றார். இயன்முறை மருத்துவம் பார்க்கத் தொடங்கிய நாளிலிருந்து கேட்டுவரும் பதில்தான் என்றாலும், இனியும் புன்னகையோடு கேட்டுக்கொள்ளப் பொறுமையில்லை.

இதற்கு விடை கிடைத்து எழுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அதுவும் பஸ் ஓட்டுநர்களை ஆராய்ந்துதான் கிடைத்தது. 1910இல் லிவர்பூலில் பிறந்து கிளாஸ்கோவில் வளர்ந்த ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர், இரண்டாம் உலகப் போரின்போது ராணுவ மருத்துவராக இந்தியாவிலும் பணியாற்றியவர். போருக்குப் பின் பிரிட்டனில் மாரடைப்பு பெருகியபோது, தொழிலுக்கும் அதற்கும் தொடர்பு இருக்குமா என்று தேடிய அவர், லண்டனின் மாடி பஸ்களைக் கையில் எடுத்தார். ஒரே பஸ், ஒரே நிர்வாகம், ஏறத்தாழ ஒரே வாழ்க்கை வசதி. ஆனால் ஓட்டுநர் பணி நேரம் முழுவதும் உட்கார்ந்திருக்கிறார், நடத்துநரோ டிக்கெட் கொடுக்க நாளொன்றுக்கு 500 முதல் 750 படிகள் வரை ஏறுகிறார். 1953இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான முடிவு, நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு என்றும், வந்தாலும் ஓட்டுநர்களைவிடத் தாமதமாகவும் கடுமை குறைந்தும் வருகிறது என்றும் காட்டியது. ஓட்டுநர்கள் முதலிலேயே பருமனானவர்களாக இருந்திருக்கலாமே என்று மறுத்தவர்களுக்காக, மாரிஸ் இரு சாராரின் சீருடை இடுப்பளவுகளையும் தேடிப் பார்த்தார். ஓட்டுநர்களின் இடுப்பு பெருத்துத்தான் இருந்தது. ஆனால் ஒல்லியோ பருமனோ, ஒரே இடுப்பளவு உள்ளவர்களிலும் நடத்துநருக்கே ஆபத்து குறைவாக இருந்தது. நடந்தும் சைக்கிளிலும் கடிதம் கொடுத்த தபால்காரர்களையும், உட்கார்ந்து வேலை பார்த்த தபால் துறை ஊழியர்களையும் ஒப்பிட்டபோதும் இதே போக்குதான்.

களைப்படைவதால் உடற்பயிற்சி செய்ததாகிவிடாது என்பதை எத்தனை முறை சொன்னாலும் ஏற்பதில்லை. பத்து மணி நேரம் வண்டி ஓட்டினால் கழுத்து இறுகும், இடுப்பு வலிக்கும், கண் எரியும்; ஆனால் அந்தப் பத்து மணி நேரத்தில் ஒருமுறைகூட மூச்சு வாங்குவதில்லை. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்குப் பற்றவைக்கிறவர் காலை முதல் மாலைவரை குனிந்தே இருக்கிறார். வேர்வை கொட்டுகிறது, ஆனால் அது நெருப்பின் சூட்டால் வரும் வேர்வை. துணிக்கடையில் நாள் முழுவதும் நிற்கிற பெண்ணுக்குக் கால் நரம்பு சுருண்டு புடைக்கலாமே தவிர, நின்றதனால் இதயம் வலுப்பெறுவதில்லை. டிரெட்மில்லில் ஏற்றினால் மூன்றாவது நிமிடத்திலேயே இவர்களின் மூச்சு உண்மையைச் சொல்லிவிடும். வேலையின் அலுப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அந்த அலுப்பை இதயத்தின் கணக்கில் வரவு வைக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

"காலேஜ்ல கபடி பிளேயர் சார் நான்" என்பவர்களுக்கும் மாரிஸிடம் பதில் உண்டு. பிற்காலத்தில் அவர் மேசை வேலை பார்க்கும் அரசு ஊழியர்களை ஆராய்ந்தபோது, ஓய்வு நேரத்தில் வேகமான பயிற்சியைத் தொடர்ந்தவர்களுக்கே மாரடைப்பு குறைந்திருந்தது. இளமையில் ஆடிவிட்டு நிறுத்தியவர்களுக்குப் பழைய ஆட்டம் கைகொடுக்கவில்லை. அவர் சொன்னபடியே வாழ்ந்தவர். லண்டனின் ஹாம்ப்ஸ்டெட் திடலில் அவர் ஓடத் தொடங்கிய காலத்தில், பார்த்தவர்கள் அவரைப் பைத்தியம் என்றே நினைத்தார்கள். தெருவில் வேகமாக நடந்தால் அக்கம்பக்கத்தார் என்ன நினைப்பார்களோ என்று தயங்கும் அம்மாக்களுக்காக இதைச் சொல்கிறேன். 2009இல் இறந்தபோது மாரிஸுக்கு வயது 99.

ஆகவே, வாரத்தில் குறைந்தது 150 நிமிடங்கள், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்ற வேகத்தில் நடங்கள். காந்தி ஸ்டேடியத்துக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. டிப்போவில் வண்டி நிற்கும் பத்து நிமிடமும் கணக்கில் சேரும். டீக்கடை பெஞ்சில் உட்காராதீர்கள், பஸ் ஸ்டாண்டைச் சுற்றி நடங்கள். பட்டறை முதலாளிகளே, தயவுசெய்து மணிக்கு ஒருமுறை ஆட்களை எழுப்பி நடக்க விடுங்கள், உற்பத்தி குறைந்துவிடாது.

இதைப் படித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அடிவாரத்தில் சைக்கிளை எடுத்து ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஒரே மூச்சில் ஏறக் கிளம்பாதீர்கள். ஆறு நாள் உட்கார்ந்துவிட்டு ஏழாம் நாள் மலையேறுகிறவரை நினைத்தால் எனக்கு நடத்துநரைவிட ஓட்டுநர்தான் நினைவுக்கு வருகிறார். சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால், முதலில் மருத்துவரைப் பாருங்கள். அவர் சம்மதித்த பின்னும் சில மாதங்கள் சமதளத்தில் பழகிவிட்டு, இரண்டு வளைவுகள் வரை ஏறித் திரும்புங்கள். ஏறும்போது நெஞ்சு இறுகினாலோ, தாடைக்கோ இடது கைக்கோ வலி பரவினாலோ அங்கேயே உட்கார்ந்து 108ஐ அழையுங்கள். அதை வாயு என்று முடிவுகட்டி சோடா வாங்கப் போகாதீர்கள். நீங்களே வண்டியை ஓட்டிக்கொண்டு கீழே இறங்கவும் கூடாது.