முயல் பயந்தா முதல்ல நிக்கிறது குடல்தான்

"முயல் வாங்கிட்டு வந்து ரெண்டு நாளாச்சு, கூண்டு மூலையிலயே உக்காந்திருக்கு, கேரட் வெச்சாலும் தொடல, கடைக்காரர் பழகிடும்னாரு, பழகிடுமா?"ன்னு ஒரு வாசகி கேட்டிருந்தாங்க. ஆளுங்ககிட்ட அது பழகிடும்ங்க. ஆனா சாப்பிடாம கிடக்கறதை மட்டும் பழகிடும்னு விட்றாதீங்க, நாய் மாதிரி ஒரு நாள் பட்டினி கிடந்துட்டு மறுநாள் தட்டைக் காலி பண்ற உடம்பு இல்ல அது. ஏன்னு தெரியணும்னா முயலோட வயித்துக்குள்ள போகணும், எனக்கு ரொம்பப் புடிச்ச இடமும் அதுதான்.

அதுக்கு முன்னாடி ரெண்டு வார்த்தை. கடையில விக்கிறது எல்லாமே, வெள்ளையோ சாம்பலோ தொங்குகாதோ, ஸ்பெயின் போர்ச்சுகல் பக்கம் மண்ணுல வளை தோண்டி கூட்டமா வாழ்ற ஐரோப்பிய முயலோட வம்சம். நம்ம ஊர் காட்டு முயல் வேற இனம், அது வளை தோண்டாது, அதைப் புடிச்சு வளர்த்தா வனத்துறை கேஸ். ஐரோப்பிய முயலுக்குக் கண்ணு ரெண்டும் பக்கவாட்டுல இருக்கறதால கிட்டத்தட்ட சுத்தி எல்லாமே தெரியும், மூக்குக்கு நேரா கொஞ்சம் இடம்தான் தெரியாது. மேல இருந்து உங்க கை இறங்குதுன்னா அதுக்கு அது கை இல்ல, பருந்து.

சரி, குடலுக்கு வருவோம். மாடு புல்லை முன்னாடியே ஊறவெச்சு அசை போட்டு செரிக்குது. முயலுக்கு அந்த வசதி இல்ல, அதோட நொதிக்கிற தொட்டி சிறுகுடல் முடிஞ்சப்புறம் இருக்கற பெருங்குடல்வாய், வயித்து மொத்த சரக்குல ஏறக்குறைய 40 சதவீதம் அங்கதான் கிடக்கும். பாக்டீரியா அங்க உக்காந்து புரதமும் பி வைட்டமினும் செஞ்சு குடுக்குது, ஆனா அதை உறிஞ்ச வேண்டிய சிறுகுடல் பின்னாடி போயிடுச்சே! இந்தச் சிக்கலுக்கு முயல் கண்டுபுடிச்ச வழி இருக்கு பாருங்க, அதான் அழகு. பெருங்குடல் ஆரம்பத்துல வர்ற சரக்கை, முறத்துல புடைக்கிற மாதிரி, குடல் சுவரே பிரிக்குது: கரடுமுரடான நார் நடுவுல சேர்ந்து முன்னாடி போகும், தண்ணியும் பொடித்துகளும் ஓரமா ஒதுங்கி, சுவரோட சின்னச் சின்னச் சுருக்கத்துல பின்னாடியே தள்ளப்பட்டு மறுபடி தொட்டிக்குப் போயிடும். நார் மட்டும் தண்ணி பிழியப்பட்டு உருண்டை உருண்டையா வெளிய வரும், நம்ம பெருக்கித் தள்ற புழுக்கை அது. சில மணி நேரம் கழிச்சு அதே குடல் வேலையை மாத்திக்கும், பின்னாடி தள்றதை நிறுத்திட்டு தொட்டியில புளிச்ச சரக்கை அப்படியே முன்னாடி அனுப்பி, மேல வழவழன்னு ஒரு சளிப்பூச்சு போட்டு, குட்டித் திராட்சைக் கொத்து மாதிரி வெளிய தரும். முயல் குனிஞ்சு அதை நேரா வாயில எடுத்து முழுங்கிடும். அந்தப் பூச்சு இருக்கறதால வயித்து அமிலம் உடனே பாக்டீரியாவைக் கொல்ல முடியாது, இப்ப சத்தை சிறுகுடல் நிதானமா வாங்கிக்கும். 1882லயே மோரோங்கிற பிரெஞ்சு கால்நடை மருத்துவர் இதை எழுதி வெச்சுட்டாரு, நம்ம ஆளுங்க இன்னும் "ஐயே, மலத்தைத் திங்குது, நோய் வந்துருச்சு"ன்னு முயலை அடிக்கறாங்க.

ரெண்டு வேலைக்கும் நடுவுல கியர் மாத்தறது பெருங்குடல்ல நரம்பு அடர்த்தியா இருக்கற ஒரு சின்னத் துண்டு. பயம் வந்தா அட்ரினலின் ஏறும், ஓடற காலுக்கு ரத்தம், குடலுக்கு லீவு. காட்டுல நரி போனதும் எல்லாம் சரியாயிடும். ஆனா புது வீட்டுல நாய் குரைக்குது, மிக்ஸி ஓடுது, பசங்க மாத்தி மாத்தித் தூக்கறாங்க, நரி போகவே மாட்டேங்குது. குடல் நின்னா சரக்கு காஞ்சு இறுகும், வாயு சேரும், வலிக்கும், வலிச்சா சாப்பிடாது, சாப்பிடலேன்னா நார் வராது, நார் வந்து தள்ளாம குடல் மறுபடி ஓடாது. முயலுக்கு வாந்தியும் வராது. அதனாலதான் 12 மணி நேரமா ஒண்ணும் திங்கல, புழுக்கையும் இல்லேன்னா அது எமர்ஜென்சி.

அப்ப முதல் வாரம் என்ன பண்றதுன்னா, பெருசா எதுவும் பண்ணாம இருக்கறதுதான். வீட்டுல நடமாட்டம் கம்மியான மூலை, ரெண்டு வாசல் வெட்டின அட்டைப்பெட்டி (ஒரு வாசல்னா பொறி, ரெண்டுன்னாதான் வளை), நாள் முழுக்க புல். கடையில என்ன தீனி போட்டாங்களோ அதையே கொஞ்ச நாள் போட்டு மெதுவா மாத்துங்க, இல்லேன்னா தொட்டி பாக்டீரியா தடுமாறும். அருகம்புல்லோ காஞ்ச புல்லோதான் சாப்பாடு, வேலிமசால்ங்கிற தீவனத்தழை கொஞ்சம், கேரட் எல்லாம் மிட்டாய் கணக்கு. தண்ணி எப்பவும் இருக்கணும், "முயலுக்குத் தண்ணி வெச்சா செத்துடும்"னு ஒரு புரளி எந்தப் புண்ணியவான் கிளப்பிவிட்டாரோ, எத்தனையோ முயல் அதுலயே போயிருக்கும். முயலுக்கு வேர்க்காது, சூட்டைக் காது வழியாத்தான் கூடுமானவரை விடும், மே மாசம் மொட்டைமாடிக் கூண்டுல வைக்கறது கொலை.

கூண்டை முதல் நாளே ஃபினாயில் போட்டுக் கழுவிடாதீங்க. தாடைக்கு அடியில வாசனைச் சுரப்பி இருக்கு, அதை எல்லாத்து மேலயும் தேய்ச்சுத்தான் இது என் இடம்னு எழுதி வைக்கும். ஆஸ்திரேலியாவுல மிகிடோவிச்ங்கிற ஆராய்ச்சியாளர் 1960கள்ல இதைத்தான் ஆராய்ஞ்சாரு, தன் வாசனை இருக்கற இடத்துல முயலுக்குத் தைரியம் ஜாஸ்தி. முயல் உங்க சோபா காலுல தாடையைத் தேய்ச்சா நல்ல சேதி. மல்லாக்கப் படுக்கவெச்சா அசையாம கிடக்கே, சுகமாத் தூங்குதுன்னு ரீல்ஸ் போடறாங்க, அது தூக்கம் இல்ல, புடிபட்ட இரை செத்த மாதிரி உறையறது.

நம்ம ஊர்ல முயல் ஆராய்ச்சியே இல்லேன்னு சொல்லல, கொடைக்கானல் மன்னவனூர்ல மத்திய அரசு மையமே இருக்கு, ஆனா கவலை எல்லாம் கறிக்கும் ரோமத்துக்கும். தப்பில்ல, ஆனா வீட்டு முயலோட பயத்தையும் படிக்க நாலு காசு ஒதுக்கினா என்ன? முயல் ரத்தத் தைலம் தேய்ச்சா முடி வளரும்னு காசு அழற ஊருல இது பெரிய செலவா?

கடைசியா ஒண்ணு. குழந்தைக்கு வாங்கின அமாக்சிசிலின் சிரப் மிச்சம் இருக்குன்னு வாயில ஊத்திடாதீங்க, அது தொட்டியில இருக்கற நல்ல பாக்டீரியாவை அழிச்சு விஷக்கிருமிக்கு இடம் குடுத்துரும், முயல் சில நாள்லயே போயிடும். எல்லா கால்நடை டாக்டரும் முயல் பாக்க மாட்டாங்க, பாக்கறவர் யாருன்னு வாங்கறதுக்கு முன்னாடியே விசாரிச்சு நம்பரை வெச்சுக்கங்க. கேள்வி கேட்ட அம்மா, உங்க முயல் இன்னும் சாப்பிடலேன்னா இதைப் படிச்சுக்கிட்டு இருக்காதீங்க, கெளம்புங்க.