காற்று கொட்டிய மண்ணில் ஒரு கிராமம்

செக் குடியரசின் தென்கோடியில், பிர்னோ நகரிலிருந்து தெற்கே சுமார் 35 கிலோமீட்டர் தள்ளி டோல்னி வெஸ்டோனிட்சே இருக்கிறது. ஏறக்குறைய 300 பேர் வாழும் ஊர். ஒரு தேவாலயம், திராட்சைத் தோட்டங்கள், ஒயின் வைக்கும் நிலவறைகள். ஊருக்குப் பின்னால் பாலவா என்ற சுண்ணாம்புக் குன்றுகள். அவற்றில் உயரமான டெவின் சுமார் 550 மீட்டர். முன்னால் டியே ஆறு. மொராவியா எனப்படும் இந்தப் பகுதியில் இதுபோல எத்தனையோ ஊர்கள் உண்டு. ஆனால் பனியுக மனிதர்களைப் பற்றிய எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் இந்த ஊரின் பெயர் வந்துவிடும். அதற்குக் காரணம் அங்கே கிடக்கும் மண்.

அந்த மண்ணை நம் புவியியல் பாடநூல்களில் காற்றடி வண்டல் என்று படித்திருப்போம். லோயஸ் என்பதும் அதுதான். பனியுகத்தில் ஐரோப்பாவின் வடக்கே ஒரு பெரும் பனிப்படலம், தெற்கே ஆல்ப்ஸ் மலையின் பனி. இரண்டுக்கும் நடுவே மரம் குறைந்த, குளிர்ந்த, வறண்ட புல்வெளி. நகரும் பனி பாறையை அரைத்தது. அரைபட்ட துகளை ஆறுகள் தங்கள் அகன்ற படுகைகளில் பரப்பின. படுகை காய்ந்ததும் காற்று அதை வாரிக்கொண்டு போனது. பாலவா போன்ற குன்று குறுக்கே வந்தால் காற்றின் வேகம் குறையும், தூசி சரிவில் இறங்கும், அங்குள்ள புல் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பல்லாயிரம் ஆண்டுகள் இப்படியே நடந்தால் பல மீட்டர் கனத்துக்கு மஞ்சள் மண் சேர்ந்துவிடும். விரலில் எடுத்துத் தேய்த்தால் மாவுபோல இருக்கும்.

ஊருக்கு அருகே பழைய செங்கல் சூளைக்காக வெட்டிய மண்சுவர் ஒன்று இன்றும் நிற்கிறது. குளிர் முற்றிய காலத்தில் படிந்த தூசி மஞ்சள் பட்டையாகவும், இடையில் கொஞ்சம் வெப்பம் கூடி செடிகொடி வளர்ந்த காலம் கருத்த பட்டையாகவும் அதில் தெரியும். 1,00,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட தட்பவெப்பம் அடுக்கடுக்காக அங்கே பதிவாகியிருக்கிறது. செக் மக்கள் அதைக் ‘காலங்களின் நாட்காட்டி’ என்கிறார்கள்.

ஏறத்தாழ 30,000 ஆண்டுகளுக்கு முன் மம்மூத் என்ற பனியுக யானைகளை வேட்டையாடியவர்கள் இந்தச் சரிவில் தங்கினார்கள். இடத்தேர்வு புரிந்துகொள்ளக்கூடியதுதான். டன்யூப் சமவெளியிலிருந்து வடக்கே போலந்துப் பக்கம் போகும் விலங்குகளுக்கு மொராவியா இயற்கையான வழி. சரிவில் உட்கார்ந்தால் கீழே ஆற்றங்கரை முழுவதும் கண்ணில் படும். அவர்கள் விட்டுப்போன எலும்பு, சாம்பல், கல் எல்லாவற்றையும் தூசி மெல்ல மூடியது. வெள்ளம் மூடியிருந்தால் பொருள்கள் உருண்டு கலைந்திருக்கும். காற்று அப்படிக் கலைக்காது. அதோடு லோயஸில் சுண்ணாம்பு அதிகம். அமில மண்ணில் எலும்பு கரைந்துபோகும், சுண்ணாம்பு மண்ணில் நிற்கும்.

1924இல் செக் தொல்லியலாளர் கரேல் அப்சொலோன் இங்கே முறையான அகழாய்வைத் தொடங்கினார். 1925 ஜூலை 13 அன்று சாம்பல் அடுக்கில் இரண்டு துண்டுகளாக ஒரு பெண் உருவம் கிடைத்தது. உயரம் சுமார் 11 சென்டிமீட்டர். கல்லோ தந்தமோ அல்ல, சுட்ட மண். உலகில் இதுவரை கிடைத்த மிகப் பழைய சுடுமண் பொருள்களில், ‘வீனஸ்’ என்று அழைக்கப்படும் இந்த உருவமும் ஒன்று. சீனாவில் கிடைத்த மிகப் பழைய மண்பானைகளே சுமார் 20,000 ஆண்டுப் பழமைதான். மண்ணைச் சுடத் தெரிந்த இவர்கள் பானை செய்ததாகத் தடயமே இல்லை. சிங்கம், கரடி, காண்டாமிருகம், பெண் என்று உருவங்கள்தான் செய்தார்கள்.

அதிலும் முழு உருவம் அபூர்வம். ஆயிரக்கணக்கில் கிடைத்தவை உடைந்த துண்டுகளே. 1989இல் ஆய்வாளர் பமேலா வாண்டிவரும் அவருடைய சகாக்களும் இந்தத் துண்டுகளின் உடைவுகளை ஆராய்ந்தார்கள். பல உடைவுகள் கீழே விழுந்து உடைந்தவை போல இல்லை. நெருப்பில் வெடித்தவை போல இருந்தன. ஈர மண்ணைச் சட்டென்று தீயில் வைத்தால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகும். நீர் ஆவியானால் அதன் கன அளவு ஆயிரம் மடங்குக்கு மேல் பெருகும். வெளியேற வழி கிடைக்காவிட்டால் உருவம் சிதறும். ஆனால் லோயஸ் துகள்களுக்கு நடுவே இடைவெளி அதிகம். காயவைத்துச் சுட்டால் அது எளிதில் வெடிக்காது. இந்த மண்ணைக் கொண்டு இவ்வளவு துண்டுகள் வர வேண்டுமென்றால், ஈரத்தோடு வேண்டுமென்றே தீயில் போட்டிருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். ஒருவேளை வெடிப்பதுதான் சடங்காக இருந்திருக்கலாம். சரி, அனுபவமில்லாத கைகள் அவசரப்பட்டுச் சுட்டிருக்கக் கூடாதா? கூடும். வெடித்தது எப்படி என்பதை உடைவு காட்டிவிடும். ஏன் வெடிக்க வைத்தார்கள் என்பதை அது சொல்லாது. எனக்கென்னவோ சடங்குக் கதை கொஞ்சம் அதிகப்படி என்றே தோன்றுகிறது.

அப்புறம் 20ஆம் நூற்றாண்டு அந்த ஊரை விட்டுவைக்கவில்லை. அங்கே வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் ஜெர்மன் மொழி பேசியவர்கள். 1938இல் மியூனிக் ஒப்பந்தத்துக்குப் பின் இப்பகுதி ஹிட்லரின் ஜெர்மனியோடு சேர்ந்தது. நாஜிகளின் எஸ்.எஸ். அமைப்பின் ஆய்வுப் பிரிவு வந்து தோண்டியது. 1945 ஏப்ரலில் பக்கத்து மிக்குலோவ் கோட்டை எரிந்தபோது அங்கே வைத்திருந்த தொல்பொருள்கள் பெருமளவில் அழிந்தன. வீனஸ் அங்கே இல்லாததால் தப்பியது. போருக்குப் பின் ஜெர்மன் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள், செக் குடும்பங்கள் குடியேறின.

1970, 80களில் டியே ஆற்றில் அணைகள் கட்டி மூன்று நீர்த்தேக்கங்கள் அமைத்தார்கள். பக்கத்து ஊரான முஷோவ் மூழ்கியது. அதன் தேவாலயம் மட்டும் ஒரு சிறு தீவில் நிற்கிறது. அணை வேலைக்கு லோயஸ் வெட்டியபோது மீட்பு அகழாய்வும் நடந்தது. அதில்தான் 1986இல் தொல்லியலாளர் போகுஸ்லாவ் கிலீமாவின் குழு, இளவயதில் இறந்த மூவரை அருகருகே கிடத்திப் புதைத்த குழியைக் கண்டது. நடுவில் இருந்தவரின் முதுகெலும்பு வளைந்திருந்தது. இடப்புறம் இருந்தவரின் கைகள் நடுவில் இருந்தவரின் இடுப்பை நோக்கி நீண்டிருந்தன. நடுவில் இருப்பது பெண் என்று பலர் நினைத்தார்கள். பிரசவத்தில் இறந்தவள் என்ற விளக்கமும் எழுந்தது. 2016இல் வெளியான டி.என்.ஏ. ஆய்வில் மூவருமே ஆண்கள் என்று தெரிந்தது.