மீன் தொட்டியைக் கழுவாதீர்கள்

கல்லூரியில் முதலாண்டு படிக்கும் ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: “வீட்டில் சிறிய உப்புநீர் மீன் தொட்டி வைத்தோம். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன்கள் இரண்டு. பத்தாம் நாள் ஒன்றும் பன்னிரண்டாம் நாள் மற்றொன்றும் இறந்துவிட்டன. ‘வீட்டுக்கு வந்த திருஷ்டியை மீன் வாங்கிக்கொண்டது, நல்லதுதான்’ என்றார் பாட்டி. தொட்டியை நன்றாகத் தேய்த்துக் கழுவி, புது நீர் ஊற்றி, மறுபடியும் இரண்டு மீன் வாங்கினோம். அவையும் அதே பத்துப் பன்னிரண்டு நாளில் போய்விட்டன. தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாகத்தான் இருந்தது. ஏன் இப்படி?”

கேள்விக்கான விடை இந்தக் கடிதத்தின் நடுவிலேயே இருக்கிறது: “நன்றாகத் தேய்த்துக் கழுவி.”

நானும் இந்த வழியில் நடந்து வந்தவன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் சென்னையில் எங்கள் அடுக்ககத்தின் கூடத்தில் 60 லிட்டர் தொட்டி ஒன்றை வைத்தேன். உப்பு கரைத்து, மோட்டார் ஓடவிட்டு, மூன்றாம் நாளே மீன் வாங்கி விட்டேன். விற்றவரும் தாராளமாக விடலாம் என்றார். ஒன்பதாம் நாள் காலையில் மீன் நீர்ப்பரப்புக்கு வந்து வேகவேகமாக மூச்சு வாங்கியது. செவுள்கள் சிவந்திருந்தன. மாலைக்குள் இறந்துவிட்டது. அந்த ஒரு நாள்தான் என்னைப் புத்தகங்களை நோக்கித் துரத்தியது.

உப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். 60 லிட்டரில் 3 லிட்டர் ஆவியானால் உப்பு 35 கிராமிலிருந்து கிட்டத்தட்ட 37-ஐத் தொடும். ஆகவே குறைந்த நீரை ஈடுகட்ட நன்னீரைத்தான் ஊற்ற வேண்டும், உப்புநீரை அல்ல. மே மாதச் சூட்டுக்கு நீர்ப்பரப்பின் மேல் ஒரு சிறு மின்விசிறி போதும். மண்பானை நீரைக் குளிரவைக்கும் அதே ஆவியாதல்தான், இரண்டு மூன்று டிகிரி இறக்கிவிடும். ஆனால் விசிறி ஓடும் நாட்களில் நன்னீர் ஊற்றுவதை மறக்கக் கூடாது. சிறிய தொட்டியில் எல்லாமே விரைவாக மாறும் என்பதால், புதிதாகத் தொடங்குபவருக்குச் சிறியதே எளிது என்ற எண்ணம் தவறு.

இப்போது கொலையாளிக்கு வருவோம். மீன் தின்னும் புரதத்தின் கழிவு அமோனியா. பெரும்பகுதி செவுள் வழியாகவே நீரில் கலக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, நீரைக் கலக்காது. நீரில் அமோனியா இரண்டு வடிவங்களில் இருக்கும். ஒன்று மின்னூட்டம் பெற்ற அமோனியம், அவ்வளவு கெடுதல் இல்லாதது. மற்றொன்று மின்னூட்டம் இல்லாத அமோனியா. இதுதான் செவுளின் மெல்லிய தோலுக்குள் நேராக நுழைந்து நஞ்சாகிறது. எது எவ்வளவு என்பதை நீரின் காரத்தன்மை தீர்மானிக்கிறது. கடல்நீர் சற்றுக் காரமானது, பிஎச் அளவு 8.2 வாக்கில் இருக்கும். பிஎச் 7 உள்ள நன்னீர்த் தொட்டியோடு ஒப்பிட்டால், அதே அளவு கழிவில் நஞ்சு வடிவத்தின் பங்கு பத்து மடங்குக்கும் மேல். தங்க மீன் தாங்கிக்கொள்ளும் அழுக்கைக் கோமாளி மீன் தாங்க முடியாததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அப்படியானால் கடலில் இத்தனை கோடி மீன்கள் எப்படி வாழ்கின்றன? அமோனியாவைத் தின்று வாழும் நுண்ணுயிர்கள் அங்கே இருக்கின்றன. ஒரு கூட்டம் அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் ஓரளவு சேர்ந்தாலும் மீனுக்கு ஆபத்தில்லை. பாடப்புத்தகத்தில் நைட்ரஜன் சுழற்சிப் படத்தில் அம்புக்குறிகளாக நாம் எல்லோரும் வரைந்து மதிப்பெண் வாங்கியதுதான் இது. ஆனால் அந்த அம்புக்குறிக்குள் ஒரு குடித்தனமே நடக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

நாம் சோற்றிலிருந்து ஆற்றல் பெறுகிறோம். சோறு எரியும்போது எலக்ட்ரான்கள் கைமாறுகின்றன, அந்தக் கைமாற்றத்தில்தான் உடம்புக்கான ஆற்றல் பிறக்கிறது. இந்தப் பாக்டீரியாவுக்கு அமோனியாதான் சோறு. ஆனால் அமோனியா எளிதில் பற்றிக்கொள்ளும் பொருள் இல்லை. அதை அசைப்பதற்கே முதல் போட வேண்டும். ஒரு நொதி இரண்டு எலக்ட்ரான்களைக் கையிலிருந்து கொடுத்து, ஆக்சிஜனைக் கொண்டு அமோனியாவை ஹைட்ராக்சிலமைன் என்ற பொருளாக மாற்றுகிறது. அதன் பிறகுதான் வரவு. ஹைட்ராக்சிலமைன் நைட்ரைட்டாகும் வழியில் நான்கு எலக்ட்ரான்கள் கிடைக்கின்றன. அந்த நான்கில் இரண்டை அடுத்த அமோனியாவுக்கு முதலாக உடனே திருப்பிப் போட்டாக வேண்டும். மிச்சம் இரண்டு. அந்த இரண்டிலும் ஒரு பகுதியை மேட்டுக்குத் தண்ணீர் இறைப்பது போல ஆற்றல் செலவழித்து மேலே தள்ளினால்தான் காற்றிலிருந்து கரைந்த கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து உடம்பு கட்ட முடியும். ஒரே ஒரு கார்பன் அணுவைத் தன் உடம்பில் சேர்க்க, சுமார் பத்து அமோனியா மூலக்கூறுகளை அது உழைத்துத் தீர்க்க வேண்டியிருக்கிறது.

இவ்வளவு கைக்கும் வாய்க்குமாக வாழும் உயிர் எப்படி வேகமாகப் பெருகும்? இட்லி மாவைப் புளிக்கவைக்கும் பாக்டீரியா நல்ல சூட்டில் அரைமணிக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது இரட்டிப்பில் ஒன்று பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். அதற்குப் பத்து மணி நேரம், ஓர் இரவு. அமோனியா தின்பவை இரட்டிப்பாக மிக நல்ல சூழலிலேயே சுமார் எட்டு மணி நேரம் ஆகும். சாதாரணமாக ஒரு நாள், சில நேரம் அதற்கும் மேல். நாளுக்கு ஒரு இரட்டிப்பு என்றால் அதே பத்து லட்சத்துக்கு இருபது நாள். வாசகியின் மீன்கள் பத்துப் பன்னிரண்டாம் நாளில் இறந்ததற்கான கணக்கு இதுதான். அமோனியா ஏறிக்கொண்டே போகிறது, அதைத் தின்ன வேண்டியவை இன்னும் பெருகி வரவில்லை.

இந்த இருபது நாள் காத்திருப்பை 1877-லேயே இருவர் பார்த்துவிட்டார்கள் என்று படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. பிரான்சில் தியோஃபில் ஷ்லோசிங், அஷீல் மூன்ட்ஸ் என்ற இருவர், மணலும் சுண்ணாம்புக் கல்லும் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் சாக்கடை நீரை மெல்ல வடியவிட்டார்கள். இருபது நாள் வரை மேலே ஊற்றிய அமோனியா அப்படியே கீழே வந்தது. பிறகு நைட்ரேட் வரத் தொடங்கியது. வெறும் வேதிவினை என்றால் முதல் நாளே நடந்திருக்க வேண்டாமா? உயிர்களைச் செயலிழக்கச் செய்யும் குளோரோஃபார்ம் ஆவியைக் குழாய்க்குள் செலுத்தினார்கள், மாற்றம் நின்றது. ஆவியை வெளியேற்றிவிட்டுச் சிறிது மண் கரைத்த நீரை ஊற்றினார்கள், மாற்றம் திரும்பியது. குழாய்க்குள் உயிர் இருக்கிறது என்பது ஐயமின்றித் தெரிந்துவிட்டது. மணலும் சுண்ணாம்புக் கல்லும் நீரும் சேர்ந்தால் அதுவே என் வீட்டுத் தொட்டி.

அந்த உயிரைத் தனியே பிரித்தெடுக்கப் பலர் முயன்று தோற்றார்கள். இறைச்சிச் சாறும் ஜெலட்டினும் வைத்துச் செல்லமாக வளர்க்கப் பார்த்ததுதான் பிழை. சூரிச்சில் வேலை செய்த செர்கெய் வினோகிராட்ஸ்கி 1890 வாக்கில் அந்த விருந்தையெல்லாம் எடுத்துவிட்டு, அமோனியாவும் உப்புகளும் மட்டும் கொடுத்தார். அது வளர்ந்தது. வெளிச்சமும் இல்லாமல், பிற உயிரின் உடலும் இல்லாமல், கனிமப் பொருளைத் தின்று வாழ முடியும் என்று காட்டியவர் அவர்.

அதன்பின் நூறாண்டுக்கும் மேலாக இந்த வேலை பாக்டீரியாக்களுடையது மட்டுமே என்று நம்பினார்கள். 2005-ல் அந்த நம்பிக்கை உடைந்தது. அமெரிக்காவின் சியாட்டில் நகரப் பொது மீன் காட்சியகத்தில், ஒரு வெப்பமண்டலக் கடல்நீர்த் தொட்டியின் அடியில் கிடந்த கூழாங்கற்களிலிருந்து, அமோனியாவைத் தின்னும் ஆர்க்கியா ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். ஆர்க்கியா என்பவை பாக்டீரியாவைப் போலவே சிறியவை, ஆனால் உயிரினக் குடும்பத்தில் முற்றிலும் வேறு கிளை. இதற்கு நைட்ரோசோபியூமிலஸ் மாரிட்டிமஸ் என்று பெயரிட்டார்கள். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஆயிரத்துக்கும் மேல் வரிசையாக நிறுத்தலாம். பாக்டீரியாக்கள் பட்டினி கிடக்கும் அளவுக்கு மிகக் குறைந்த அமோனியாவிலும் இது வாழும். இதன் உறவினர்கள் பெருங்கடல்கள் எங்கும் கோடானுகோடி நிறைந்திருக்கின்றன. கடலின் நைட்ரஜன் கணக்கையே திருத்தி எழுத வைத்த உயிர், குழந்தைகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டி மீன் பார்க்கும் இடத்தில் கிடைத்தது! பத்தாண்டு கழித்து, 2015-ல், அமோனியாவிலிருந்து நைட்ரேட் வரை முழு வேலையையும் ஒரே உயிரே செய்வதைக் கண்டுபிடித்தார்கள். அதுவும் ஓரிடத்தில் மீன் வளர்ப்பு அமைப்பின் வடிகட்டியிலிருந்துதான் வந்தது.

“கூழாங்கல்லில் என்ன ஆராய்ச்சி, இதனால் என்ன பயன்?” என்று கேட்டு நிதியை நிறுத்தியிருந்தால் இதில் எதுவும் நமக்குத் தெரிந்திருக்காது. நம் கரையிலும் பரங்கிப்பேட்டையிலும் மண்டபத்திலும் கடல் உயிரியல் கூடங்கள் இருக்கின்றன. கோமாளி மீனைக் கடலில் பிடிக்காமல் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கவைக்கும் முறைகளை அவை வளர்த்தெடுத்திருக்கின்றன. நுண்ணுயிரைத் தேடிச் சேற்றில் இறங்கும் இளம் ஆய்வாளருக்கு மாதாமாதம் உதவித்தொகை தவறாமல் போய்ச் சேர வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

கல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெளிநாடுகளில் பவளப்பாறைத் தொட்டி வைப்பவர்கள் பவளப்பாறையிலிருந்து உடைந்து கடலில் கிடந்த ‘லைவ் ராக்’ எனப்படும் உயிர்க்கல்லை வாங்கிப் போடுவார்கள். இந்தோனேசியாவின் லீ சின் எங் 1961-ல் இம்முறையைப் பற்றி எழுதினார். அந்தக் கல்லின் துளைகளில் நுண்ணுயிர்கள் ஏற்கெனவே குடியிருக்கும். மேற்பரப்பில் ஆக்சிஜன் வேண்டுபவை, உள்ளே ஆக்சிஜன் எட்டாத இடத்தில் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றுபவை. நம் நாட்டில் இந்தக் குறுக்கு வழி கிடையாது. 2001 முதல் கல் பவளங்கள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. இது சரியான சட்டம் என்பது என் உறுதியான கருத்து. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை வெட்டி எடுத்த காலம் ஒன்று இருந்தது. மிஞ்சியவையும் கடல் சூடேறிய ஆண்டுகளில் வெளுத்துப் போயிருக்கின்றன. என் கூடத்தின் அழகுக்காக அங்கிருந்து ஒரு துண்டு கூட வரக் கூடாது.

ஆகவே நான் உலர்ந்த துளைக்கல்லில் தொடங்கினேன். மீன் இல்லாத தொட்டியில், மீன் கழிவுக்குப் பதிலாக, அமோனியா தரும் உப்பான அமோனியம் குளோரைடைச் சிறிது கரைத்து ஊற்றினேன். ஆண்டுக்கணக்காகத் தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் அவருடைய தொட்டியின் அடிமணல் ஒரு பிடி கேட்டு வாங்கி வந்தேன், கழுவாமல், ஈரத்தோடு. பாலுக்கு உறைமோர் போல அது. ஷ்லோசிங்கும் மூன்ட்ஸும் ஊற்றிய மண் கரைசலும் அதுவே. தினமும் இரவு சோதனைக் குப்பியில் நிறம் பார்த்து நோட்டில் எழுதினேன். பதினோரு நாள் அமோனியா அசையவே இல்லை. பன்னிரண்டாம் நாள் அமோனியாவுக்கான குப்பியில் பச்சை சற்று வெளிறியது, நைட்ரைட்டுக்கான குப்பியில் ஊதா ஏறியது. இருபத்தாறாம் நாள் இரண்டும் பூஜ்யம். நடுவில் கல் முழுதும் பழுப்புப் படலம் படர்ந்தது. டயாட்டம் என்னும் நுண்பாசி அது, தானாகவே அடங்கிவிட்டது. முப்பதாம் நாள் பண்ணையில் பிறந்த கோமாளி மீன் ஒன்று வந்தது. இன்றும் அந்தக் கல்லின் இடுக்கில்தான் தூங்குகிறது.

பாட்டியின் நம்பிக்கையைப் பற்றி. பேரப்பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்ற தவிப்பிலிருந்து வரும் சொல் அது, அந்தத் தவிப்பை நான் மதிக்கிறேன். ஆனால் திருஷ்டி என்று சொன்ன உடனே ‘ஏன் இறந்தது’ என்ற கேள்வி நின்றுவிடுகிறது. தொட்டியைக் கழுவுகிறோம். குழாய்நீரின் குளோரின், கல்லிலும் வடிகட்டிப் பஞ்சிலும் பத்து நாளாகத் தட்டுத்தடுமாறிப் பெருகிய உயிர்களைக் கொல்கிறது. மறுபடி முதல் நாள். மறுபடி பன்னிரண்டாம் நாளில் மரணம், அது மறுபடி திருஷ்டிக்குச் சாட்சி. அந்த மீன் செவுள் வெந்து, மூச்சுத் திணறி இறக்கிறது. யாருடைய தீவினையையும் அது சுமக்கவில்லை, நம் கழுவலைத்தான் சுமந்தது. இதைப் பாட்டியிடம் பொறுமையாகச் சொல்லிப் பாருங்கள். தயிர் உறையக் காத்திருக்கத் தெரிந்தவர்களுக்கு இது புரியும்.

உங்கள் தொட்டி இப்போது காலியாக இருக்கிறது என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். கழுவ வேண்டாம். கல் ஈரம் காயாமல் நீருக்குள் இருக்கட்டும், மோட்டார் இரவும் பகலும் ஓடட்டும். இந்த உயிர்களுக்கு ஆக்சிஜன் வேண்டும், நீண்ட மின்வெட்டு வந்தால் பேட்டரியில் ஓடும் காற்றுக் குமிழி இயந்திரம் ஒன்று கைவசம் வையுங்கள். வடிகட்டிப் பஞ்சை அலச வேண்டிவந்தால் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுங்கள். நான் செய்தது போலவே அமோனியம் குளோரைடைச் சிறிது கரைத்து ஊற்றி, அமோனியாவையும் நைட்ரைட்டையும் தினமும் பார்த்துத் தேதி போட்டு எழுதுங்கள். முந்தைய நாள் ஊற்றிய அமோனியா மறுநாளே பூஜ்யமாகிவிடுகிறது, நைட்ரைட்டும் இல்லை என்ற நிலை வந்ததும் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். முதலில் ஒரே ஒரு மீன், இரண்டாவதைச் சில வாரம் கழித்துப் பார்க்கலாம்.