ஆறுதல் தேடிய கைப்பேசி

மலத்தில் இரத்தத்தைக் கண்டு ஐந்து மாதங்கள் கழித்து என் மருந்தகத்திற்கு வந்த ஓர் அம்மையார், உட்கார்ந்ததும் கைப்பேசியை நீட்டி, “டாக்டர், இது மூலந்தானே? பார்த்த வீடியோ எல்லாத்திலயும் அப்படித்தான் சொல்றாங்க” என்றார். அவர் தேடியிருந்தது ‘மூலம் குணமாக’ என்ற சொற்களை. அப்படித் தேடினால் மூலத்தைப் பற்றிய பக்கங்களே வரும். அவற்றில் பல உண்மையையே சொல்லியிருக்கவும் கூடும். ஆனால் இரத்தம் எதனால் வருகிறது என்று அவர் இணையத்திடம்கூடக் கேட்கவில்லை.

இணையத்தில் நோயைத் தேடுவோர் என்றதும், தலைவலி வந்தாலே மூளைக்கட்டி என்று முடிவுகட்டி இரவெல்லாம் விழித்திருப்பவர்கள்தான் நம் நினைவுக்கு வருகிறார்கள். அவர்களைப் பற்றி எனக்குக் கவலை குறைவு. பயந்தவர் மறுநாள் காலையிலேயே வந்துவிடுவார், ஆறுதல் கிடைத்தவர்தான் வருவதில்லை.

சரியான தகவலே பொருந்தாத ஆளிடம் போய்ச் சேர்வதும் உண்டு. சிங்கப்பூரில் 50 வயதை எட்டியவர்களுக்கு ஆண்டுதோறும் பரிந்துரைக்கப்படும் மலப் பரிசோதனை, கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தைக் கண்டறிவதற்கானது. அறிகுறி எதுவும் இல்லாதவர்களை மனத்தில் வைத்தே அரசாங்கச் சுகாதார இணையத்தளமான ஹெல்த்ஹப் போன்ற நம்பகமான தளங்களும் அதை விளக்குகின்றன. இரத்தம் கண்ணுக்கே தெரியும்போதோ, மலம் கழிக்கும் வழக்கம் வாரக்கணக்கில் மாறியிருக்கும்போதோ, அந்தச் சோதனையைத் தாமே செய்துகொண்டு ‘இரத்தமில்லை’ என்ற முடிவோடு நிம்மதியடைவது தவறு. அப்போது மருத்துவர் நேரில் பார்க்க வேண்டும். தேவையானால் கொலோனோஸ்கோப்பி, அதாவது கேமரா பொருத்திய குழாயைச் செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை, செய்ய வேண்டும். மூலம் இருப்பவருக்குக் குடலில் கட்டியும் இருக்கலாம் என்பதால், ஒன்றைக் கண்டதும் மற்றதை மறந்துவிட முடியாது. மார்பகக் கட்டியிலும் இதே கதைதான்: வலிக்காத கட்டி ஆபத்தில்லை என்று நம்பி வருகிறவர்களிடம், மார்பகப் புற்றுநோய்க் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை என்று சொல்ல வேண்டியிருக்கிறது. கடந்த ஆண்டு மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே சரியாக இருந்தது என்பதும் இப்போது கைக்குத் தட்டுப்படும் கட்டிக்குப் பதிலாகாது.

புற்றுநோய்க்குத் தரப்படும் கீமோ மருந்தைவிட 10,000 மடங்கு வலிமை கொண்டதென்று குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் வலம்வரும் முள்சீத்தாப் பழத்தைப் பற்றி நீட்டிப் பேச விரும்பவில்லை. ஆய்வுக்கூடத்தில் உயிரணுக்களை வைத்துச் செய்த சோதனைகளிலிருந்து கிளம்பிய கதை அது. மனிதர்களிடம் அப்படி எதுவும் நிரூபிக்கப்படவில்லை.

தேடாதீர்கள் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. நோயின் பெயரை விட்டுவிட்டு, கண்டதைக் கண்டபடி ஒரு தாளில் எழுதி வரச் சொல்கிறேன்: எப்போது தொடங்கியது, என்ன நிறம், வாரத்தில் எத்தனை முறை, எடை குறைந்திருக்கிறதா, குடும்பத்தில் யாருக்கு என்ன நோய், எந்த வயதில்.

அந்த அம்மையாரின் அண்ணன் 47 வயதில் பெருங்குடல் புற்றுநோயால் இறந்தவர். நான் கேட்ட மூன்றாவது கேள்விக்குப் பதிலாகத்தான் அதைச் சொன்னார். ஐந்து மாதங்களாக அவர் பார்த்த எந்த வீடியோவும் அதைக் கேட்டிருக்கவில்லை. மருத்துவமனைக்கான பரிந்துரைக் கடிதத்தை அன்றே எழுதிக் கொடுத்தேன்.