கும்பிடுவது போல வரும் வலிப்பு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் ஒரு வீடு. ஆறு மாதக் குழந்தை தூக்கம் கலைந்ததும் தலையைக் கவிழ்த்து இரு கைகளையும் முன்னே வீசுகிறது. ஓரிரு நொடிதான். சற்று விட்டு மறுபடியும், பிறகு மறுபடியும், வரிசையாக. 'சாமி கும்பிடுகிறான்' என்று ஆயா பூரித்துப்போகலாம். வயிற்றுவலி என்று கிரைப் வாட்டர் புகட்டலாம். இரண்டுமே அன்பில் செய்வதுதான். ஆனால் அது வலிப்பாக இருக்கலாம். பழைய மருத்துவர்கள் இதைச் சலாம் வலிப்பு என்றே அழைத்தார்கள். 1841இல் வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட் என்ற ஆங்கில மருத்துவர், தம் மகனுக்கு வந்த இதே வலிப்பை விவரித்து 'லான்செட்' இதழுக்கு எழுதினார். அதனால் வெஸ்ட் நோய்க்குறி என்ற பெயரும் வந்தது.

இக்குழந்தைகளின் மூளை மின் அலைப் பதிவில் (இ.இ.ஜி.) அலைகள் மிக உயரமாக, ஒழுங்கின்றி எழும். 1952இல் கிப்ஸ் தம்பதியர் இதற்கு 'ஹிப்ஸ்அரித்மியா' என்று பெயரிட்டார்கள்: உயர்ந்த, தாளம் கெட்ட அலை. வியப்பு என்னவென்றால், கண்ணுக்குக் குழப்பமாகத் தெரியும் அந்தப் பதிவைக் கணக்கிட்டுப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது.

தைப்பூசத்தன்று டர்பனின் கேட்டோ மேனர் கோயிலில் காவடிக் கூட்டங்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கூட்டமும் தன் உடுக்கைக்கு ஆடும். ஒன்றின் அடியை வைத்து மற்றொன்றின் அடியைச் சொல்ல முடியாது. நலமான மூளையும் பெரும்பாலும் அப்படித்தான்: பகுதிகள் பேசிக்கொள்ளும், ஆனால் அவரவர் வேலை அவரவருக்கு. தலையில் 19 மின்முனைகள் வைத்தால் 171 இணைகள் கிடைக்கும். ஒவ்வோர் இணையிலும் ஓர் அலை மற்றதை எவ்வளவு ஒத்துப்போகிறது என்று கணக்கிடுகிறார்கள். ஒரே மின்புலம் தலையோட்டில் பரவிப் பல முனைகளில் ஒரே கணத்தில் பதிவாவதுண்டு. அது உண்மையான தொடர்பு ஆகாது. ஆகவே சிறிது காலத்தாழ்வோடு ஒத்துப்போவதையே தொடர்பாக எண்ணுகிறார்கள். இவ்வாறு அளந்தபோது, வலிப்புள்ள குழந்தைகளின் மூளைப் பகுதிகளுக்கு இடையிலான பிணைப்பு நலமான குழந்தைகளுடையதைவிட வலுவாக இருந்தது. எல்லாக் கூட்டங்களையும் ஒரே கயிற்றில் கட்டி இழுத்தது போல.

முதலில் தரும் மருந்து இருவகை. ஒன்று ஹார்மோன் சிகிச்சை: ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோன் ஊசி அல்லது பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு. மற்றொன்று விகாபட்ரின், நரம்பணுக்களை அடக்கும் காபா என்ற பொருளைச் சிதைக்கும் நொதியை அது தடுக்கிறது. 2017இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வில், ஹார்மோன் மட்டும் பெற்ற குழந்தைகளில் 57 சதவீதத்தினருக்கும், இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களில் 72 சதவீதத்தினருக்கும் வலிப்பு நின்றது. மீதிக் குழந்தைகளை நினைத்தால் மனம் கனக்கிறது. வலிப்பு நீடிக்கும் ஒவ்வொரு வாரமும் அவர்களின் வளர்ச்சியிலிருந்து பிடுங்கப்படுகிறது. அதோடு விகாபட்ரின் பக்கப் பார்வையைக் குறைக்கக்கூடும். பயன்படாத குழந்தைக்கு அதை நீட்டிப்பது கொடுமை.

பிணைப்பின் அளவு இங்கேதான் உதவக்கூடும். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் அளந்த ஆய்வில், மருந்தால் குணம் கண்ட குழந்தைகளுக்கு அந்தப் பிணைப்புக் கயிறு தளர்ந்தது, குணம் காணாதவர்களுக்குத் தளரவில்லை. சில பத்துக் குழந்தைகளிடம் கண்ட முடிவுதான் இது, இன்னும் அன்றாட மருத்துவத்துக்கு வரவில்லை. ஆனாலும் எனக்கு இது பெரிய செய்தி. தாய் எண்ணும் வலிப்புக் கணக்கில் இரவில் வருபவை தப்பிவிடும். பிணைப்பின் அளவு அந்தக் கணக்கை நம்பியிருப்பதில்லை.

பதிவைத் தூக்கத்தையும் விழிப்பையும் சேர்த்தே எடுக்க வேண்டும், ஏனெனில் கண் விழிக்கும் அந்த நிமிடங்களில்தான் கும்பிடு மிகுதி. பதிவு எடுக்கும்வரை காத்திராமல், ஆயாவின் கைப்பேசியில் அரை நிமிடம் படம் பிடித்து அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.